மெட்டுப் பழையது, சிரிப்புப் புதியது
(இருவர் பாடும் நகைச்சுவைப் பாட்டு – ஓர் ஆய்வு)

முன்னுரை

தமிழ் மொழித்தின விழா வந்தாலும், ஆசிரியர் தின விழா வந்தாலும் நம் பாடசாலை மேடைகளில் ஒரு நிகழ்ச்சி தவறாமல் இடம்பெறும். இருவர் வந்து நிற்பர். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டின் மெட்டை எடுத்து, அதில் புதுச் சொற்களைப் போட்டு ஒருவர் பாடுவார். மற்றவர் வாத்தியம் வாசிப்பார், அல்லது இடையிடையே குறுக்கே பேசுவார். மண்டபம் சிரிப்பால் அதிரும். நிகழ்ச்சி முடிந்ததும் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். "சும்மா ஒரு பகிடி" என்று விட்டுவிடுவார்கள். பரதத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் பரிசு உண்டு. இதற்குக் கைத்தட்டல் மட்டுமே.

இந்தக் கலையும் படித்து ஆராயத் தக்கதே என்பது என் எண்ணம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கினைக் காட்டுகிறார். உயர்தர வகுப்பில் இப்பகுதியைப் படித்தபோது எனக்குள் ஒரு வினா எழுந்தது. மற்றைய மூன்றிலும் சிரிப்பு இயல்பாக வருகிறது. எள்ளலில் மட்டும் ஒருவர் இன்னொருவரைக் குறி வைக்கிறார். அப்படியாயின் பழைய பாட்டை வைத்துச் சிரிக்க வைப்பவர்கள் எதனைக் குறி வைக்கிறார்கள்? பாட்டையா, பாட்டில் வரும் மனிதரையா, கேட்டுக்கொண்டிருக்கும் நம்மையா?

நான் நல்லதண்ணியைச் சேர்ந்தவள். சிவனொளிபாதம் என்றும் பாவா ஆதம் மலை என்றும் ஸ்ரீபாத என்றும் அழைக்கப்படும் மலையின் அடிவாரத்தில் உள்ள சிறிய கடைத்தெரு எங்கள் ஊர். மார்கழி தொடக்கம் வைகாசி வரையான யாத்திரைக் காலத்தில் இரவெல்லாம் பாட்டுச் சத்தம் கேட்கும். சிங்கள யாத்திரிகர் கூட்டத்தில் ஒருவர் ஓரடியைச் சொல்ல மற்றவர்கள் அதற்கு மறுமொழியாகப் பாடிக்கொண்டு படியேறுவார்கள். ஒருவர் தொடங்க இன்னொருவர் எடுத்துக் கொடுக்கும் பாட்டுமுறை எவ்வளவு பழையது, எவ்வளவு பொதுவானது என்பதை உணர அந்த ஊரில் பிறந்திருந்தாலே போதும். அந்த அறிமுகத்தோடு இவ்வாய்வினுள் நுழைகிறேன்.

மேனாட்டு மேடையில் இருவர்

ஒருவர் பாட, ஒருவர் பியானோ வாசிக்க, இருவருமாகச் சேர்ந்து சிரிக்க வைக்கும் முறைக்கு ஆங்கில உலகில் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு மைக்கேல் ஃப்ளாண்டர்ஸ், டொனால்ட் ஸ்வான் என்னும் சோடியாகும். இருவரும் இலண்டனில் ஒரே பாடசாலையில் படித்தவர்கள். ஃப்ளாண்டர்ஸ் இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றியவர். 1943 இல் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். 1956 டிசம்பர் 31 அன்று இலண்டனில் ஒரு சிறிய அரங்கில் இருவரும் தமது நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். மேடையில் காட்சித் திரைகள் இல்லை, நடனக் குழு இல்லை. ஒரு சக்கர நாற்காலி, ஒரு பியானோ, இரண்டு மனிதர்கள் மட்டுமே. விரைவில் பெரிய அரங்குக்கு மாறிய அந்நிகழ்ச்சி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

அவர்கள் பெரும்பாலும் சொந்தப் பாட்டுகளையே பாடினர் என்றாலும் எம் ஆய்வுக்குத் தேவையான ஒன்றும் அவற்றுள் உண்டு. மொசார்ட் 1786 இல் கொம்பு வாத்தியத்துக்காக இயற்றிய இசையின் இறுதிப் பகுதியை எடுத்து, அதற்கு ஃப்ளாண்டர்ஸ் சொற்களைப் பொருத்தினார். கொம்பு வாத்தியத்தைத் தொலைத்துவிட்ட ஒருவரின் புலம்பலாக அது அமைந்தது. வாத்தியம் காணாமற்போனதால், வாத்தியத்துக்கென எழுதப்பட்ட வேகமான சுரங்களையெல்லாம் பாவம், அவர் வாயாலேயே பாட வேண்டியிருக்கிறது. இங்கே மொசார்ட் கேலி செய்யப்படவில்லை. அவருடைய இசை எவ்வளவு கடினமானது என்பதைச் சிரித்துக்கொண்டே உணர்கிறோம். கேட்டவர்களுள் சிலராவது மூல இசையைத் தேடிக் கேட்டிருப்பார்கள் அல்லவா?

பியானோவின் இடத்தில் ஹார்மோனியம்

தமிழ் மேடைக்குப் பியானோ வரவில்லை. அதன் பெட்டி பெரியது, விலை அதிகம், ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல முடியாது. மலையகத்தில் பியானோ என்றால் துரை பங்களாவையும் துரைமார் கிளப்பையும் சேர்ந்த பொருள். லயத்தில் இருப்பவர்கள் அதன் ஒலியை எட்ட நின்று கேட்டிருக்கலாம். நமக்குக் கிடைத்தது அதன் சிறிய உறவாகிய ஹார்மோனியம். 1840 களில் பிரான்சில் உருவாகி, காலால் மிதித்து வாசிக்கும் மேசைப் பெட்டியாக இந்தியாவுக்கு வந்து, பின்னர் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் போன்றோரின் கையில் தரையில் வைத்து வாசிக்கும் சிறிய பெட்டியாக அது மாறியது.

இரண்டுக்கும் கட்டைகள் ஒன்றே; உள்ளே நடப்பது வேறு. பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் கம்பியில் அடிக்கிறது. ஹார்மோனியத்தில் காற்று புகுந்து பித்தளை நாக்கை அதிரச் செய்கிறது. பியானோக்காரருக்கு இரண்டு கைகளும் கட்டையில் இருக்கும். ஹார்மோனியக்காரர் இடக்கையால் துருத்தியை இயக்க வேண்டும், வலக்கைதான் பாடும். ஒரு கை குறைந்தாலும் அவர் சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், வாய் சும்மா இருக்கிறது. ஆகவே அவரும் பாட்டிலும் பேச்சிலும் சேர்ந்துகொள்கிறார்.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) காலத்தில் வளர்ந்த ஸ்பெஷல் நாடகங்களில் ஹார்மோனியக்காரர் மேடையின் ஓரத்திலேயே அமர்ந்து பின்பாட்டுப் பாடுவார். பபூன் வந்ததும் அவருடைய வேலை இரட்டிப்பாகும். பபூன் சபையைப் பார்த்து ஒன்று சொல்வார். ஹார்மோனியக்காரர் குறுக்கே கேள்வி கேட்பார். பபூன் அதற்கு ஒரு பாட்டாலே மறுமொழி சொல்வார். எந்தக் கதாபாத்திரமும் ஏற்காமல், நாடகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் இருக்கும் மனிதர் அந்த ஹார்மோனியக்காரர். சபையிலுள்ள நமது சார்பில் கேள்வி கேட்பவர் அவரே. மேனாட்டார் பியானோவை வைத்துச் செய்ததை நம்மவர்கள் இவ்வாறு நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளார்கள்.

சாஸ்திரிய இசை உலகில் ஹார்மோனியத்துக்கு மதிப்பு இருக்கவில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை அதனால் கொடுக்க முடியாது என்பதே குற்றச்சாட்டு. இலங்கையில் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் அதனை ஏற்கவில்லை. அகில இந்திய வானொலி 1940 இல் அதற்குத் தடை விதித்தது. 1971 இல்தான் தடை தளர்ந்தது. ஆனால் சாஸ்திரியத்தில் குறையாகக் கருதப்பட்டதே நகைச்சுவையில் நிறைவாகிறது. பாடகர் உருக்கமாக ஒரு சுரத்தை வளைத்து இழுக்கிறார். ஹார்மோனியமோ அதே அடியைப் படிப்படியாக, ஏணியில் ஏறுவதுபோல, உணர்ச்சியின்றித் திருப்பிச் சொல்கிறது. ஒருவர் அழுகிறார், மற்றவர் கணக்கு வாசிக்கிறார். சிரிப்பு அங்கே தானாகப் பிறக்கிறது.

கலைவாணரும் மதுரமும்

தமிழில் இருவர் சேர்ந்து பாட்டாலே சிரிக்க வைத்தவர்கள் என்றதும் என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் தம்பதியினரே நினைவுக்கு வருவர். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 இல் பிறந்த கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலும் பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலும் பயின்றவர். அவர் நடித்த முதற் படங்களில் ஒன்று 1936 இல் வெளிவந்த 'சதி லீலாவதி'. மலையகத்தவர் நினைவில் வைக்க வேண்டிய படம் அது. கதாநாயகன் இலங்கைக்குத் தப்பி வந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாக உழைக்கும் பகுதி அதில் இடம்பெறுகிறது. தமிழ்த் திரையில் நம் தோட்ட வாழ்க்கை தலைகாட்டிய மிகப் பழைய படங்களுள் ஒன்று அது.

அதே ஆண்டளவில் மதுரத்தைச் சந்தித்த கிருஷ்ணன் பின்னர் அவரை மணந்துகொண்டார். இருவரும் சொந்தக் குரலில் பாடினர். கணவன் ஒன்றைச் சொல்ல மனைவி அதை மடக்குவதே அவர்களின் பாட்டுகளின் பொதுவான அமைப்பு. பெண் பாத்திரம் தலையாட்டி நிற்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அக்காலத்துப் படங்களில் பெண்கள் அழுதுகொண்டிருந்தபோது மதுரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதான கிருஷ்ணன் 1947 இல் விடுதலையாகி மீண்டும் மேடைக்கு வந்தார். 1949 இல் வெளிவந்தது, சி. என். அண்ணாதுரை கதை எழுதிய 'நல்லதம்பி'. அதில்தான் 'கிந்தனார்' கதாகாலட்சேபம் இடம்பெற்றது.

கிந்தனாரை விளங்கிக்கொள்ள முதலில் நந்தனாரை அறிய வேண்டும். 19 ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' தமிழ் இசையின் மணிமுடிகளில் ஒன்று. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பண்ணையாள் நந்தன், சிதம்பரம் போக வேண்டுமென்று ஆண்டையிடம் விடை கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. பெரிய புராணத்தில் இல்லாத இந்த ஆண்டைப் பாத்திரத்தைச் சேர்த்ததன் மூலம் பாரதியார் பக்திக் கதையை உழைப்பவரின் கதையாகவும் ஆக்கிவிட்டார்.

கலைவாணர் செய்தது என்ன? பாகவதர் கோலத்தில் நின்று, கதாகாலட்சேபத்தின் நடையையும் போக்கையும் அப்படியே வைத்துக்கொண்டு, நந்தனைக் கிந்தன் ஆக்கினார். கிந்தனுக்குப் போக வேண்டிய இடம் சிதம்பரம் அன்று, பட்டணத்துப் பள்ளிக்கூடம். ரயிலேறிப் போய்ப் படிக்கிறான். பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்யும் அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கேட்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் சிரிப்பது கிந்தனைப் பார்த்து அன்று. அவனுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட உலகத்தைப் பார்த்து. பழைய பாட்டை அறிந்தவருக்கு இதில் இன்னொரு சுவையும் உண்டு. நந்தன் விடை கேட்டு நின்ற அதே இடத்தில் கிந்தன் புத்தகத்தைக் கேட்டு நிற்கிறான். பழைய பாட்டின் வலி புதிய பாட்டின் சிரிப்புக்குள் மறைந்து ஒலிக்கிறது.

தோட்டப் பாடசாலைகள் எவ்வளவு காலம் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக இருந்தன என்பதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே கிந்தனார் கதை எங்கள் ஊர்க் கதையும் ஆகும்.

ஹட்டனிலும் ஒரு சோடி

பியானோவும் இல்லாமல், ஹார்மோனியமும் இன்றியமையாததாக இல்லாமல், பேச்சும் பாட்டுமாக நம் மலைநாட்டிலேயே உலா வந்த ஒரு தம்பதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் அவர்கள். 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியராக விளங்கிய நடேசய்யர், 1931 இல் ஹட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தை அமைத்தார். கூட்டங்களில் அவர் பேசுவார். மீனாட்சி அம்மை பாடுவார். மக்களிடம் அப்போது வழங்கிய மெட்டுகளில் தொழிலாளரின் துயரை வைத்து அவர் கட்டிய பாடல்கள் 1940 இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் நூலாகவும் வந்தன.

அவை நகைச்சுவைக்கென எழுதப்பட்டவை அல்ல. என்றாலும் முறை ஒன்றுதான்: தெரிந்த மெட்டு, புதிய சொல். வாசிக்கத் தெரியாதவரும் மெட்டை முன்னரே அறிந்திருப்பதால் சொற்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கூட்டம் கலைந்து லயத்துக்குத் திரும்பும் வழியிலேயே பாட்டு பாதி மனப்பாடமாகியிருக்கும். துண்டுப் பிரசுரத்தைப் பறித்துவிடலாம். வாயிலிருக்கும் மெட்டை யார் பறிப்பது? சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படிப்பவர்கள், தாலாட்டின் மெட்டிலும் தெம்மாங்கின் மெட்டிலும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கேலி செய்யும் மரபு அதற்கும் முந்தியது என்பதை அறிவார்கள்.

நம் இஸ்லாமியத் தமிழ் மரபிலும் இருவர் நின்று பேசும் அமைப்புக்கு இடமுண்டு. கேள்வியும் பதிலுமாக நடக்கும் 'மசலா' என்னும் இலக்கிய வகை அதற்குச் சான்று. 1572 இல் அரங்கேறிய 'ஆயிர மசலா' முழுமையாகக் கிடைக்கும் பழைய இஸ்லாமியத் தமிழ் நூலாகும். நோன்பு காலத்தில் சஹர் நேரத்தில் றபானைத் தட்டிப் பாடி ஊரை எழுப்பும் பக்கீர்மாரை நம்மில் பலர் சிறுவயதில் கேட்டிருப்போம். தோல் வாத்தியம் ஒன்றும் குரல் ஒன்றும் ஒன்றுக்கொன்று மறுமொழி சொல்லும் முறை அங்கேயும் உண்டு.

இரண்டாமவரின் வேலை

மேலே கண்டவற்றிலிருந்து இக்கலையின் இலக்கணத்தை ஓரளவு வகுக்கலாம்.

முதலாவது, மெட்டு எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். தெரியாத மெட்டில் எவ்வளவு நல்ல சொல்லைப் போட்டாலும் பாதிச் சிரிப்புப் போய்விடும். ஏனெனில் கேட்பவரின் காதில் பழைய சொல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் புதிய சொல் வந்து விழ வேண்டும். இரண்டும் உரசும் இடத்தில்தான் பொறி பறக்கிறது.

இரண்டாவது, பாடுபவர் சிரிக்கக் கூடாது. தாலாட்டைத் தாலாட்டாகவே, ஒப்பாரியை ஒப்பாரியாகவே உருக்கத்தோடு பாட வேண்டும். சுருதி பிசகாமல் பாடத் தெரிந்தவரே பிசகியதுபோலப் பாடிக் காட்டவும் முடியும். ஆகவே இது பாடத் தெரியாதவர்களுக்கான நிகழ்ச்சி என்று எண்ணுவது தவறு.

மூன்றாவது, இரண்டாமவர் சபையின் பிரதிநிதி. அவர் வாத்தியத்தால் பேசலாம், வாயால் பேசலாம். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுபவரும் அவரே. எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது என்பது அவர் கையில் உள்ளது. நகைச்சுவைப் பாட்டில் மௌனமும் ஒரு சுரம்.

இதை விளக்க நானே கட்டிய சிறு எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகிறேன். காலையில் வராத பஸ்ஸுக்கு ஒரு தாலாட்டு:

ஆராரோ பஸ்வண்டி அசையாமல் நீ தூங்கு
ஏழுமணி ஆனாலும் எழும்பாமல் நீ தூங்கு
பாடசாலை மணியடிச்சுப் பாடமெல்லாம் முடிஞ்சபின்னே
பாதிவழி வந்தேன்னு பவ்வியமாய் ஹோன் அடிப்பாய்

முதல் இரண்டு அடிகளுக்கும் ஹார்மோனியம் தொட்டிலை ஆட்டுவதுபோல மெல்ல வர வேண்டும். மூன்றாம் அடி முடிந்ததும் ஓர் இடைவெளி. நான்காம் அடியின் இறுதியில் வாசிப்பவர் உள்ளங்கையை விரித்து ஐந்தாறு கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் அதுவே பஸ்ஸின் ஹோன். குழந்தை எழும்பிவிட்டது என்பதுபோலப் பாடுபவர் பதறி, மறுபடியும் "ஆராரோ" என்று தொடங்கலாம். ஹார்மோனியம் இல்லாத பாடசாலையில் மேசையும் ஒரு நல்ல குரலும் போதும்.

சிரிப்பு யார் மீது விழுகிறது?

இனி இவ்வாய்வின் மையமான வினாவுக்கு வருகிறேன். ஒரு முறை வெளியூர்ப் போட்டியொன்றில் பார்வையாளராக இருந்தேன். இரண்டு மாணவிகள் ஒரு பழைய பாட்டின் மெட்டில் தோட்டத்துப் பெண்ணொருத்தி நகரத்துக் கடைக்கு வந்து சேலை வாங்குவதாகப் பாடினார்கள். குரல் நன்று, தாளம் நன்று. சிரிப்புக்கு அவர்கள் நம்பியது ஒன்றை மட்டுமே: அவள் பேசும் தமிழ். தலையில் கொங்காணி, வாயில் வெற்றிலை, நாலு சொல்லுக்கு ஒரு முறை "ஏங்க". மண்டபம் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த தோழி சிரிக்கவில்லை. அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். நான் கடைக்காரரின் மகள். அவளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். எங்கள் கடைக்கு வரும் பெண்கள் அப்படித்தான் பேசுவார்கள். கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் அதே தமிழில் என் வாப்பாவை மடக்கியும் விடுவார்கள். அந்தப் பாட்டில் இருந்த பெண்ணுக்கு அந்தக் கெட்டித்தனம் மட்டும் இல்லை.

பேச்சு வழக்கை வைத்துச் சிரிக்க வைப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இலங்கை வானொலியில் ஒலித்து, 1976 இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வந்த நாடகத்தை எடுத்துக்கொள்வோம். எஸ். ராமதாஸ் முஸ்லிம் மரிக்காராகப் பேசினார், அப்துல் ஹமீத் ஐயராகப் பேசினார், ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியானார், எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழில் உபாலியானார். ராமதாஸை 'மரிக்கார் ராமதாஸ்' என்றே ஊர் அழைத்தது. நம்மவர்களும் உரிமையோடு அழைத்தார்கள். ஏன் அது புண்படுத்தவில்லை? நால்வரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். ஒவ்வொருவர் தமிழும் கேலிக்கு உள்ளாயிற்று. ஒவ்வொருவரும் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவரை மட்டும் தனியாக நிறுத்தி மற்றவர்கள் சிரிக்கவில்லை.

ஆகவே நான் காணும் அளவுகோல் எளியது. பாட்டில் கேலிக்கு உள்ளாகும் மனிதருக்கு மறுமொழி சொல்ல ஓர் அடியாவது இருக்கிறதா? இருவர் பாடும் முறையின் பெரும் பயனே அதுதான். தனியாக ஒருவர் கேலி செய்தால் மறுமொழிக்கு இடமில்லை. இருவர் நின்றால் மடக்குவதற்கு ஒருவர் கட்டாயம் உண்டு. கிருஷ்ணனுக்கு மதுரம் இருந்தார். பபூனுக்கு ஹார்மோனியக்காரர் இருந்தார். சேலை வாங்க வந்த பெண்ணுக்கு யாரும் இருக்கவில்லை.

அதே மெட்டில், அதே தோட்டத் தமிழில், இப்படியும் பாடியிருக்கலாம். பாடுபவர் கொழுந்து பறிப்பவர், வாசிப்பவர் தராசு:

தராசே தராசே தங்கமான தராசே
இருபது கிலோ ஏத்திவச்சேன் பதினேழுன்னு சொன்னதென்ன?

ஹார்மோனியம் மிகத் தாழ்ந்த கட்டையில் ஒரு முறை முனகுகிறது. பின் தராசு அதிகாரத் தொனியில் பேசுகிறது: "மழைத்தண்ணி ஒரு கிலோ. சாக்கு ஒரு கிலோ. சந்தேகம் ஒரு கிலோ!"

இங்கும் பேச்சு வழக்கு உண்டு, சிரிப்பும் உண்டு. ஆனால் சிரித்தவர் வீட்டுக்குப் போகும்போது அந்த மூன்றாவது கிலோவைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்பார். மலையகத் தமிழ் சிரிப்புக்குரிய பொருளாக இருந்த நிலை மாறி, சிரிக்க வைக்கும் கருவியாகிவிடுகிறது. எள்ளல் இங்கேயும் இருக்கிறது. தொல்காப்பியர் சொன்ன நிலைக்களன் மாறவில்லை. குறி மட்டும் மாறியிருக்கிறது.

மூலப் பாட்டுக்கு என்ன ஆகிறது?

பழைய பாட்டை இப்படிச் செய்வதால் அதன் பெருமை குறையாதா என்று சில ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சில பாட்டுகளுக்கு அப்படி ஆகியும் இருக்கிறது. இரட்டைப் பொருள் தரும் மலிவான சொற்களைப் போட்டுப் பாடியதால் மூலத்தைக் கேட்கும்போதும் அந்தச் சொற்களே நினைவுக்கு வருவதுண்டு. ஆயினும் கிந்தனார் வந்த பின்னரும் நந்தனார் கீர்த்தனைகள் கச்சேரிகளில் தொடர்ந்து பாடப்படுகின்றன. மொசார்ட்டின் கொம்பு இசையும் குன்றவில்லை. மூலத்தை நன்றாகக் கற்று, அதன் அமைப்பை மதித்து, அதன் உள்ளத்தோடு உரையாடும் கேலி மூலத்துக்கு உரம் ஆகிறது. மூலத்தை அறியாமல் மெட்டை மட்டும் இரவல் வாங்கும் கேலி அதற்குக் களை ஆகிறது. வேறுபாடு உழைப்பில் உள்ளது.

செய்து பார்ப்பதற்குச் சில குறிப்புகள்

அடுத்த கலைவிழாவுக்கு இத்தகைய நிகழ்ச்சி தயாரிக்கும் தங்கைமாருக்காக இவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. முதலில் மூலப்பாட்டைச் சொல் பிசகாமல் பாடிப் பழகுங்கள். அதன் பொருளை ஆசிரியரிடம் கேட்டு அறியுங்கள்.

2. புதிய சொற்களில் பழைய எதுகையையும் அடியின் நீளத்தையும் பேணுங்கள். ஓரசை கூடினாலும் மெட்டு நொண்டும்.

3. கேலிக்கு ஒரு பொருளை எடுங்கள்: வராத பஸ், நிற்காத மழை, குறைக்கும் தராசு, நிறையாத தண்ணீர்த் தாங்கி. ஒருவரின் நிறம், உடல், குலம், பேச்சு ஆகியவற்றை எடுக்க வேண்டாம்.

4. இரண்டாமவருக்குக் குறைந்தது மூன்று இடங்களில் மடக்கும் சொல் கொடுங்கள். அவற்றுள் ஒன்று வாத்தியத்தின் ஒலியாகவே இருக்கட்டும்.

5. கேலிக்கு உள்ளாகும் தரப்பைச் சேர்ந்த ஒரு தோழியை ஒத்திகையின்போது முன்வரிசையில் இருக்கச் செய்யுங்கள். அவள் சிரித்தால் பாட்டு தேறிவிட்டது. அவள் தலை குனிந்தால் சொல்லை மாற்றுங்கள். மெட்டை மாற்ற வேண்டியதில்லை.

முடிவுரை

1956 இல் வெளிவந்த 'ராஜா ராணி' படத்தில் கலைவாணர் சிரிப்பையே பொருளாக வைத்துப் பாடி, அதன் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்தும் காட்டினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று அவர் மறைந்தார். சிரிப்பிலும் தரம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணத்தை ஒரு நகைச்சுவைக் கலைஞரே மக்கள் முன் வைத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இலக்கிய மாணவிகளாகிய நாம் அந்த வேலையைத் தொடரலாம். ஒரு பாட்டைக் கேட்டுச் சிரித்த பின், யாரைப் பார்த்துச் சிரித்தோம், அவருக்கு மறுமொழி சொல்ல இடம் இருந்ததா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். சிரிப்பை அது கெடுக்காது. அடுத்த முறை இன்னும் பலர் சேர்ந்து சிரிக்க வழி செய்யும்.